மாத்திரை இலவசம், மீதிச் செலவு யாருடையது?

காசநோய் மாத்திரையை இந்தியாவில் யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். ஆறு மாதத்துக்கான மாத்திரையும் இலவசம். விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு முழுசாகக் குணமாகிவிடுகிற நோய் இது. அப்படியிருந்தும் 2023-ல் உலகம் முழுக்க ஏறத்தாழ 12.5 லட்சம் பேர் காசநோயால் இறந்துபோனார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு வருடத்தில் புதிதாக நோய் கண்டவர்கள் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர். அவர்களில் நான்கில் ஒருவர் இந்தியர்.

மருந்து இருக்கிறது, அதற்குக் காசும் வாங்குவதில்லை, ஆனாலும் சாவு நிற்கவில்லை. அப்படியென்றால் மாத்திரைக்கும் நோயாளிக்கும் நடுவில் என்னதான் கிடக்கிறது? நான் சின்ன ஊர் ஒன்றில் மெடிக்கல் கடை நடத்துகிறேன். நடுவில் கிடப்பதில் பாதியையாவது என் கவுண்டரில் நின்றே பார்க்க முடிகிறது.

இருமல் வந்தவர் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, கடைக்குத்தான் வருகிறார். கடை இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. சீட்டு வாங்கி உட்கார வேண்டியதில்லை. ஜி.எச்.சுக்குப் போவதென்றால் காலையிலேயே ஓ.பி. வரிசையில் நிற்க வேண்டும், அதோடு அன்றைய கூலி போச்சு. மருந்துக் கடைகளில் சிரப் வாங்கிக் குடித்தே காலம் கடத்துவதால்தான் டிபி தாமதமாகத் தெரிகிறது என்று விழிப்புணர்வுக் கூட்டங்களில் பேசுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் ஜனங்கள் ஏன் கடைக்கு வருகிறார்கள் என்பதையும் அதே அக்கறையோடு யாராவது பேச வேண்டும்.

கட்டட வேலைக்குப் போகிற ஓர் அம்மா இருமல் மருந்து கேட்டு வந்தார். விரல் இடுக்கில் சிமெண்ட் காய்ந்திருந்தது. "தூசியில வேல பாக்குறேன்ல அண்ணே, அதான்" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஆடிக்கு முன்னாடியிருந்தே இருக்கு." அப்போது புரட்டாசி. சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா என்று கேட்டதற்கு, ரவிக்கையின் கை ஓரத்தை இழுத்துக் காட்டினார். இரண்டு தையல் உள்ளே பிடித்தும் தொளதொளவென்று இருந்தது. ஜி.எச்.சில் சளி கொடுத்துப் பாருங்கள் என்றேன். அவர் கணக்கு உடனே வந்தது: "இன்னைக்கு ஒருக்கா, நாளைக்கு விடிகாலச் சளி ஒருக்கா எடுத்துட்டு வரச் சொல்லுவாங்க. ரெண்டு நாள் போயிடும்ணே. மேஸ்திரி வேற ஆளப் போட்டுக்குவாரு." பக்கத்து வீட்டில் ஒருவருக்கு வந்தபோது பார்த்திருக்கிறார். அறியாமையால் வராமல் இருப்பவர் இல்லை அவர். நடைமுறை முழுக்கத் தெரியும், அதன் விலையும் தெரியும்.

பிறகு அவருடைய மகன் வண்டியில் கூட்டிக்கொண்டு போனான். டிபிதான். எடை 36 கிலோ. அந்த எடைக்குத் தினம் மூன்று மாத்திரை. முதல் வாரத்திலேயே கடைக்கு வந்து, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது, ரத்தமா என்று பயந்துபோய்க் கேட்டார். டிபி மாத்திரையில் இருக்கிற ரிஃபாம்பிசின் என்ற மருந்தைச் சாப்பிட்டால் எல்லோருக்கும் அப்படித்தான் போகும். மாத்திரை கொடுத்தபோது சொல்லியிருப்பார்கள், கூட்டத்தில் காதில் விழுந்திருக்காது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். யாரும் சொல்லாததால் மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு.

வேலை இழப்பு, பஸ், எக்ஸ்ரேக்கு முன்பு தனியார் டாக்டரிடம் கொடுத்தது, சத்தான சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டி, குடும்பத்தின் வருட வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அதைப் பேரழிவுச் செலவு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைக்கிறது. பல நாடுகளில் எடுத்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், காசநோய் வந்த குடும்பங்களில் ஏறத்தாழ பாதி அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகின்றன. இலவச மாத்திரை கொடுக்கிற நாடுகளிலும் இதே நிலைமைதான்.

நோயாளி என்ன இழக்கிறார் என்பதிலிருந்து வைத்தியத்தை யோசிக்க ஆரம்பித்த ஊர் ஒன்று உண்டு. அது சென்னை. எத்தனை பேருக்கு இது தெரியும் என்று சந்தேகமாக இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1950-கள் வரை டிபி என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, ஓய்வு, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்துக்கு முந்தின ரயில்வே ஸ்டேஷன் பெயரில் இன்றும் இருக்கிற சானடோரியம் 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கியது. ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இதற்குள் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோனியசிட் என்று மருந்துகள் வந்துவிட்டன. மருந்து வேலை செய்கிறதென்றால் படுக்கை எதற்கு? வீட்டிலேயே இருந்து சாப்பிட்டால் என்ன? 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் பொறுப்பில் இருந்தார்.

நகரத்தின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறு பாதி தன் வீட்டுக்கே திரும்பியது. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் வாரம் ஒருமுறை வந்து மருந்து வாங்கிப்போனார்கள். ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். சானடோரியத்துக்காரர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்து எடையும் கூடியது. வீட்டுக்காரர்களுக்கு அரைகுறைச் சாப்பாடு, ஒரே அறையில் குடும்பம் முழுக்கப் படுக்கை, கொஞ்சம் தெம்பு வந்ததும் வேலை. 1959-ல் முடிவு வெளியானது. ஒரு வருட முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். கிட்டத்தட்ட சமம் என்று எடுத்துக்கொள்கிற அளவு வித்தியாசம்தான். பின்னாளில் தொடர்ந்து கவனித்தபோது நோய் திரும்புவதிலும் இரண்டு பக்கமும் பெரிய வேறுபாடு இல்லை.

இன்னொரு முடிவு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தால் குழந்தை குட்டிகளுக்கு ஒட்டிக்கொள்ளாதா என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அதனால் குடும்பத்தினரை ஐந்து வருடம் கவனித்தார்கள். நோயாளி சானடோரியத்தில் இருந்த வீட்டைவிட, நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பத்தில் நோய் அதிகமாக வரவில்லை. பரவ வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிப்பதற்கு முன்பே பரவிவிடுகிறது, மாத்திரை ஆரம்பித்தபின் ஆபத்து வேகமாகக் குறைகிறது. அந்த அம்மா ஆடியிலிருந்து புரட்டாசி வரை சிரப் குடித்த மாதங்கள்தான் அவர் வீட்டுக்கு ஆபத்தான மாதங்கள். மாத்திரை ஆரம்பித்தபின் தட்டையும் டம்ளரையும் தனியாக வைப்பதால் யாருக்கும் ஒரு பயனும் கிடையாது. ஆனால் இன்றும் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நடப்பது அதுதான்.

சென்னையின் முடிவு வந்தபின் சானடோரியங்கள் உலகெங்கும் மெல்ல மெல்ல மூடின. படுக்கைகள் தாராளமாக இருந்த பணக்கார நாட்டு நோயாளிகளும் தங்கள் வீட்டில் இருந்தபடியே குணமானார்கள். ஏழைகளுக்கான வைத்தியம் என்றால் ஒரு படி மட்டம் என்று நினைப்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன். சேத்துப்பட்டு மையம் இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அதே ஊரில் இருக்கிறது.

அதே மையத்தில்தான் 1960-களில், வாரத்துக்கு இரண்டு முறை ஊழியர் கண்ணெதிரே மருந்து கொடுத்தாலே போதும் என்பதையும் நிரூபித்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான், ஊழியர் கண்ணெதிரே மாத்திரை விழுங்க வைக்கிற டாட்ஸ் முறை. அது பல லட்சம் உயிர்களைக் காப்பாற்றியது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் நடைமுறையில் வாரம் மூன்று நாள் நோயாளி மையத்துக்கு நடந்துவர வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்த்த மருத்துவம், நோயாளியை வரவழைத்துக் கண்காணிக்கிற மருத்துவமாக மாறியதில் எனக்கு வருத்தம் உண்டு. 2017-ல் இந்தியா தினசரி மாத்திரைக்கு மாறியது. மாத்திரை அட்டையை வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இது சரியான மாற்றம்.

மருந்துக்கு அடங்காத டிபி வேறு கதை. சாதாரண மாத்திரைகளுக்கு மசியாத கிருமி. 1990-களில் ஏழை நாடுகளுக்கு இதன் வைத்தியம் கட்டுப்படியாகாது என்பதே பெரியவர்களின் பொதுவான கருத்தாக இருந்தது. பெரு நாட்டின் தலைநகர் லிமாவுக்கு வடக்கே கரபாய்யோ என்ற குடிசைப் பகுதியில் பால் ஃபார்மர், ஜிம் யோங் கிம் என்ற அமெரிக்க டாக்டர்களின் குழு 1996-லிருந்து வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்த்தது. அதே பகுதிப் பெண்கள் சுகாதார ஊழியர்களாக இருந்தார்கள், மருந்தோடு சாப்பாட்டு உதவியும் போனது. நான்கு மாதமாவது வைத்தியத்தில் இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் குணமாயினர். பல நாடுகளுக்கும் சேர்த்து மொத்தமாக வாங்க ஏற்பாடு செய்ததும் அந்த மருந்துகளில் பலவற்றின் விலை மளமளவென்று சரிந்தது. கட்டுப்படியாகாது என்று சொன்ன விலை, யாரும் பேரம் பேசாத விலையாக இருந்திருக்கிறது.

ஆனாலும் அந்த வைத்தியம் கொடுமையானது. ஒன்றரை, இரண்டு வருடம். மாதக்கணக்கில் தினம் ஊசி. கானமைசின் போன்ற ஊசிகள் காதைப் பறித்துவிடும். மும்பையில் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பக்கத்து கயலிச்சாவில் ஃபுமேசா டிசிலே. இருவரும் இளம்பெண்கள், இருவரும் டிபியிலிருந்து பிழைத்தவர்கள், இருவருக்கும் மருந்தால் காது போனது. 2012-ன் கடைசியில் பெடாக்விலின் என்ற புது மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டிபிக்கு நாற்பது வருடம் கழித்து வந்த புது வகை மருந்து. ஊசி வேண்டாம், காது போகாது. ஆனால் தேவைப்பட்டவர்களில் மிகச் சிலருக்கே கிடைத்தது.

ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் முதல் காப்புரிமை இந்தியாவில் 2023 ஜூலையில் முடிய இருந்தது. மருந்தின் உப்பு வடிவத்துக்கென்று இன்னொரு காப்புரிமை கேட்டிருந்தார்கள். கிடைத்திருந்தால் 2027 வரை வேறு யாரும் தயாரிக்க முடியாது. நந்திதாவும் ஃபுமேசாவும் 2019-ல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் துணையோடு அதை எதிர்த்து மனுப் போட்டார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டுப் புதுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கிற 3(டி) பிரிவு நம் சட்டத்தில் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் விண்ணப்பத்தை 2006-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்ததும், அந்தப் பிரிவே செல்லாது என்று கிளிவெக் தயாரிப்பாளரான நோவார்டிஸ் தொடுத்த வழக்கை 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியதும், 2013-ல் உச்ச நீதிமன்றம் இறுதியாக நோவார்டிஸுக்குக் காப்புரிமை இல்லை என்று சொன்னதும் இதே பிரிவை வைத்துத்தான். பெடாக்விலினின் ஆறு மாத விலை 2018-ல் 400 டாலர். போட்டிக்கு வேறு நிறுவனங்கள் வந்ததும், 2023-ல் உலக மருந்துக் கொள்முதலில் 130 டாலர் வரை இறங்கியது. இப்போது பெடாக்விலினோடு இன்னும் மூன்று மருந்து சேர்த்து ஆறே மாதத்தில் முடிகிற வைத்தியத்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. காது போன பிறகு, அடுத்தவர்களுக்குக் காது போகக் கூடாது என்று வழக்காடிய இரண்டு பெண்களுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

பரிசோதனைக் கருவியிலும் இதே இழுபறிதான். இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்கிற ஜீன்எக்ஸ்பர்ட் கார்ட்ரிட்ஜ் பத்து டாலரிலிருந்து எட்டு டாலருக்குக் கீழே வர 2023 வரை போராட வேண்டியிருந்தது. கோவாவில் தயாராகும் ட்ரூநாட் பேட்டரியில் ஓடுவதால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைக்கலாம். அந்த அம்மாவின் இரண்டு நாள் கூலியை ஒரு நாளாக, அரை நாளாகக் குறைக்கிற கருவி எதுவோ அதுவே எனக்கு நல்ல கருவி.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். இவ்வளவு எழுதியதே இதைச் சொல்லத்தான்.

ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் 2019-லிருந்து 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோர் நம் சேத்துப்பட்டு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தியது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். எல்லா நோயாளிகளுக்கும் உணவுப் பொட்டலம் கொடுத்தார்கள். வீட்டில் இருக்கிற மற்றவர்களில் ஒரு பிரிவுக்கும் மாதாமாதம் கொடுத்தார்கள். பெரியவர் ஒருவருக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான். அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது எல்லா வகையையும் சேர்த்து 39 சதவீதமும், தொற்றக்கூடிய நுரையீரல் டிபி 48 சதவீதமும் குறைந்தது. நோயாளிகளிலும் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்குச் சாகிற அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 2023-ல் லான்செட் குழும மருத்துவ இதழ்களில் இவை வெளிவந்தன. பருப்பும் அரிசியும் பாதித் தடுப்பூசி மாதிரி வேலை செய்திருக்கின்றன. பெரியவர்களின் நுரையீரல் டிபியைத் தடுப்பதில் டிபித் தடுப்பூசியான பிசிஜிகூட இப்படி உதவவில்லை என்பதை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்விலேயே பார்த்தாகிவிட்டது.

நோயாளிக்கு மத்திய அரசு 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். நல்லதுதான். ஆனால் நான் மேலே சொன்ன அம்மாவுக்கு வேலை நின்றுபோனது. வீட்டில் மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். எந்தத் தாய் 1,000 ரூபாய்க்கு முட்டை வாங்கி, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கத் தான் மட்டும் சாப்பிடுவாள்? வருகிற பணம் வீட்டுச் சோற்றில் கரைந்துபோகிறது, கரையத்தான் செய்யும். மாத்திரை வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்று காலையில் டீயும் பன்னுமாகச் சாப்பிட்டு ஒப்பேற்றினார். மூன்றாம் மாதம் எடை 37.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இந்த விஷயத்தில் சரியான இடத்தைப் பிடித்தது. டிபி என்று தெரிந்த உடனே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், எதையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். பெரிய லேப் எதுவும் வேண்டாம், ஒரு நர்ஸ் போதும். எலும்பும் தோலுமாக இருப்பவர்களையும் மூச்சு வாங்குபவர்களையும் உடனே படுக்கையில் சேர்த்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் சாவுகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதத்திலேயே நடந்துவிடுகிறது. எல்லோரையும் சானடோரியத்தில் போடத் தேவையில்லை என்று கண்டுபிடித்த ஊர், யாருக்குக் கட்டாயம் படுக்கை வேண்டும் என்பதையும் இப்போது பிரித்துப் பார்க்கிறது. வேறு மாநிலங்களும் ஆப்பிரிக்க நாடுகளும் செலவில்லாமல் எடுத்துச்செல்லக்கூடிய முறை இது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபின், அந்தப் பணத்தை நம்பியிருந்த நாடுகளுக்கு இப்படிப்பட்ட முறைகள் இன்னும் அவசரம்.

கடைக்காரன் என்ற முறையில் எனக்கும் சட்டப்படி வேலை உண்டு. டிபி மருந்து எச்-1 பட்டியலில் இருக்கிறது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எவ்வளவு கொடுத்தோம் என்று தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2018-லிருந்து கடைக்காரரும் அரசுக்குத் தகவல் சொல்ல வேண்டும். எழுதுகிறேன், சொல்கிறேன். ஆனால் இந்த நோட்டில் வருவது மாத்திரை ஆரம்பித்தவர்கள். சிரப் வாங்கிப் போகிறவர்கள் எந்த நோட்டிலும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்கிறவரைக் கடையிலிருந்தே சளிப் பரிசோதனைக்கு அனுப்ப, சளி டப்பாவைக் கடையிலேயே கொடுத்து ஊழியர் வந்து எடுத்துப்போக ஓர் ஏற்பாடு எல்லா ஊரிலும் வேண்டும். என் கடையில் ஒரு தட்டு ஒதுக்க நான் தயார். மற்ற கடைக்காரர்களும் மறுக்க மாட்டார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் தமிழ்நாட்டுக்குப் புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. ரேஷன் கடையில் அரிசி இலவசம், மானிய விலையில் துவரம் பருப்பு ஏற்கெனவே கார்டுக்கு ஒரு கிலோ போடுகிறார்கள். நோயாளிகளின் விவரம் அரசிடம் இருக்கிறது. நோயாளி இருக்கிற வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு, தலைக்கு ஒன்றரைக் கிலோ பருப்பு கூடுதலாகக் கொடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை வேண்டும். வரிசையில் நிற்கும்போது இது டிபி வீட்டுப் பருப்பு என்று யாருக்கும் தெரியக் கூடாது. தனிச் சீட்டு, தனி நாள், தனிப் பை எதுவும் கூடாது. ஸ்மார்ட் கார்டில் அளவு மட்டும் கூடியிருக்க வேண்டும், விற்பனையாளருக்கே காரணம் தெரிய வேண்டியதில்லை. இல்லையென்றால் பேரப்பிள்ளைகளோடு யாரும் விளையாட வர மாட்டார்கள் என்று பயந்து, அந்த அம்மா பருப்பு வாங்கவே போக மாட்டார்.